திரை காட்டும் சிவப்பு

இருட்டிய பின் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடலில் எதிரே வரும் படகு எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை அதன் உருவத்தைக் கொண்டு அறிய இயலாது. அதன் இரு பக்கங்களிலும் எரியும் விளக்குகளின் நிறமே அதைச் சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி படகின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரிய வேண்டும். இரண்டும் ஒருங்கே தெரிந்தால் அப்படகு நேரே வருகிறது என்று பொருள்; தன் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் படகின் சிவப்பு விளக்கைக் காண்பவர் வழிவிட வேண்டும், இடப்பக்கத்திலிருந்து வரும் படகின் பச்சை விளக்கைக் காண்பவர் தம் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். 12 மீற்றருக்குக் குறைந்த நீளமுள்ள படகின் பக்க விளக்கு 1 கடல் மைல் தொலைவுக்குத் தெரிந்தால் போதும் என்று விதிகள் கொள்கின்றன. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு படகுகள் அந்தத் தொலைவை 2 நிமிடங்களில் கடந்துவிடும் என்பதால், சிவப்பா பச்சையா என்று தயங்குவதற்கு அங்கே அதிக நேரம் கிடையாது.

மனிதரிடையே மிகுதியாகக் காணப்படும் நிறப்பார்வைக் குறைபாடு சிவப்பையும் பச்சையையும் ஒன்றோடொன்று மயங்கச் செய்வது என்பதும், கடல் தன் சைகைகளுக்குத் தேர்ந்துகொண்ட நிறங்கள் அவ்விரண்டுமே என்பதும் வேண்டாத ஒரு பொருத்தம். ஆகவேதான் கப்பலுக்குப் போகிறவர்களின் பயிற்சி, சான்றளிப்பு, கடமைக் காவல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் 1978ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை, 2010இல் மணிலாவில் திருத்தப்பட்ட வடிவில், பொதுவான மருத்துவச் சான்றிதழுக்கு 2 ஆண்டும் நிறப்பார்வைச் சான்றிதழுக்கு 6 ஆண்டும் என உச்சக் கால எல்லை வகுத்து, மேல்தளப் பணியாளருக்கு இயந்திர அறைப் பணியாளரைவிடக் கடுமையான நிறப்பார்வைத் தரத்தை விதித்திருக்கிறது. யாழ்ப்பாணக் கரையோரத்தில் கப்பலுக்குப் போதல் புதிய தொழிலன்று. பாய்க்கப்பல் காலத்திலிருந்தே துறைமுகமாக விளங்கிய ஊர்காவற்றுறையில் அது குடும்ப வழக்கமாகவே இருந்தது.

இந்த நிறப்பார்வைச் சோதனைக்குப் போவதோ யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளாகிய தீவகத்தில் வாழ்பவருக்கு எளிய காரியமன்று. வேலணைத்தீவில் அமைந்த ஊர்காவற்றுறை பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாண நகரோடு தரைவழித் தொடர்புடையது. காரைநகருக்கு அங்கிருந்து செல்பவர், ஊரார் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவையில் கடல்நீரேரியைக் கடக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. புங்குடுதீவின் கோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பேருந்தில் தாம்போதிகளைக் கடந்து நகரை அடைய வேண்டும். குமுதினிப் படகிலோ நெடுந்தாரகைப் படகிலோ ஏறும் நெடுந்தீவுவாசிக்குக் கடற்பயணம் மட்டுமே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். காற்றுக் காலத்தில் படகு ஓடுவதே நிச்சயமில்லை. தீவுகளில் வைத்தியசாலைகள் உண்டு என்றாலும் கண் வைத்திய நிபுணரைத் தேடி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். இந்த நிலையில், கைத்தொலைபேசியிலோ பாடசாலைக் கணினியிலோ நிறப்புள்ளித் தட்டுகளைக் காட்டி ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துகொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அந்த எண்ணத்துக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. கென்யாவில் சோதிக்கப்பட்ட ‘பீக்’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி, பார்வைக் கூர்மையை நேர்த்தியாக அளக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் கூர்மைச் சோதனைக்கு வேண்டியவை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதன் சரியான அளவு, கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரம் ஆகியவை மட்டுமே. திரை சற்று மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தாலும் எழுத்தின் அளவு மாறுவதில்லை. நிறப்பார்வைச் சோதனையில் நிறமே அளவுகோல். அளக்கும் கொத்தே வீட்டுக்கு வீடு வேறுபட்டால் அரிசியின் கணக்கு என்னாகுமோ, அதுவே இங்கும் நேர்கிறது.

கூம்புகளும் குடிவழியும்

விழித்திரையில் நிறத்தை உணரும் உயிர்க்கலங்கள் கூம்புகள் எனப்படும். அவை மூவகை: ஒன்று ஏறத்தாழ 420 நானோமீற்றர் அலைநீளமுடைய ஒளிக்கும், மற்றொன்று 530 நானோமீற்றர் ஒளிக்கும், மூன்றாவது 560 நானோமீற்றர் ஒளிக்கும் மிகுதியாகத் துலங்குகின்றன. நானோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. பின்னிரண்டு வகைகளும் மிக நெருங்கியவை. அவற்றின் நிறப்பொருள்களை ஆக்கும் மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் அவற்றுக்கிடையே பிழையான மாற்றங்கள் எளிதில் நேர்கின்றன. ஒரு வகைக் கூம்பு முற்றிலும் இல்லாமலிருப்பது கடுமையான குறைபாடு. மூன்றும் இருந்தும் ஒன்றன் துலங்கல் இடம்பெயர்ந்திருப்பது மென்மையான குறைபாடு. பெரும்பாலானோர் இப்பிரிவினரே, சோதனைக்கு மிகுந்த தொல்லை தருபவர்களும் இவர்களே. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் 100க்கு 8 பேரளவிலும், ஆசிய நாடுகள் பலவற்றில் 100க்கு 4 அல்லது 5 பேரளவிலும் சிவப்பு-பச்சைக் குறைபாடு காணப்படுகிறது.

ஆணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றே என்பதால் தாயிடமிருந்து பெற்ற அந்த ஒன்று பழுதானால் குறைபாடு வெளிப்பட்டுவிடும். பெண்ணுக்கு இரண்டும் பழுதானால்தான் வெளிப்படும். ஆகவே இக்குறைபாடு தந்தையிலிருந்து மகனுக்குச் செல்வதில்லை. அம்மாவின் அப்பாவிடமும் தாய்மாமனிடமும் இருப்பது மருமகனிடம் தோன்றும். மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் இந்தக் கணக்கு வேறொரு திருப்பம் கொள்கிறது. தாய்மாமனும் மருமகனும் ஒரே பழுதைப் பெற்றவர்களாயின், மாமன் மகள் தன் தந்தையின் ஒரே எக்ஸைக் கட்டாயம் பெற்றிருப்பதால் அப்பழுதைச் சுமப்பவளாக இருப்பாள். மச்சானும் மச்சாளுமாகிய அவ்விருவரும் மணந்தால் பிறக்கும் பெண்பிள்ளைகளுக்கும் குறைபாடு வெளிப்பட இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு இது வராது என்று சொல்லி மாணவிகளைச் சோதனையிலிருந்து விட்டுவிடுவது, நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் தீவுக் குடிகளிடையே பொருந்தாத சிக்கனம். குடிவழி ஒடுங்கிய தீவில் கண் என்னாகலாம் என்பதற்கு மேற்குப் பசிபிக்கின் பிங்கெலாப் தீவு அறியப்பட்ட எடுத்துக்காட்டு: 1775ஆம் ஆண்டளவில் வீசிய பெரும் புயலில் தப்பிப் பிழைத்த சிலரின் வழியில் வந்த அம்மக்களில் ஒரு பகுதியினர் எந்த நிறத்தையும் காணாதவர்களாகவும் பகல் வெளிச்சத்தைப் பொறுக்காதவர்களாகவும் பிறக்கின்றனர். அது வேறு வகைக் குறைபாடு. தீவகத்தின் பேச்சு சிவப்பு-பச்சையைப் பற்றியது.

அச்சுத் தட்டின் நுட்பம்

போக்குவரத்துத் தொழிலுக்கு நிறப்பார்வைச் சோதனை வேண்டும் என்ற உணர்வு 1875இல் சுவீடனின் லாகர்லுண்டா ரயில் விபத்தோடு வலுப்பெற்றது; அதனைத் தொடர்ந்து உடலியங்கியல் பேராசிரியர் ஹோல்ம்கிரென், நிறநூல் கண்டுகளைத் தரம்பிரிக்கச் செய்யும் சோதனையை ரயில் பணியாளரிடையே புகுத்தினார். இன்று உலகெங்கும் புழங்கும் புள்ளித் தட்டுகளை ஆக்கியவர் ஜப்பானியக் கண் வைத்தியர் ஷினோபு இஷிஹாரா. 1917இல் வெளிவந்த அந்நூல் 14, 24, 38 தட்டுகள் கொண்ட பதிப்புகளாகக் கிடைக்கிறது.

அத்தட்டுகளின் நுட்பம் மையின் தேர்விலேயே இருக்கிறது. இயல்பான கண் 74 என்று படிக்கும் தட்டொன்றைச் சிவப்பு-பச்சைக் குறைபாடுடையவர் 21 என்று படிப்பார். இயல்பான கண்ணுக்கு எதுவுமே தெரியாத வேறொரு தட்டில் அவருக்கு எண் தெரியும். முதல் தட்டிலுள்ள 12ஐ மட்டும் எல்லாரும் படிப்பர். அதையும் படிக்காதவர் ஒன்றில் பார்வைக் கூர்மை குன்றியவர் அல்லது நடிப்பவர். எண்ணின் புள்ளிகளும் பின்னணியின் புள்ளிகளும் குறைபாடுடைய கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றும்படி மைகள் தெரியப்பட்டுள்ளன. வெளிர்மையைக் கொண்டு எவரும் எண்ணைக் கண்டுபிடித்துவிடாதபடி புள்ளிகளின் வெளிர்வும் கருமையும் வேண்டுமென்றே கலைத்து இடப்பட்டுள்ளன. மை தானாக ஒளிர்வதில்லை என்பதால் அதன்மேல் விழும் வெளிச்சம் பகலொளியை ஒத்திருக்க வேண்டும், தட்டு 75 சதமமீற்றர் தூரத்தில் பார்வைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், விடைக்கு 3 விநாடிக்குமேல் தரலாகாது என்று நூலின் அறிவுறுத்தல் கூறுகிறது. மஞ்சள் ஒளி தரும் பழைய இழைக்குமிழ் விளக்கின்கீழ் மென்மையான பச்சைக் குறைபாடுடையவர் சிலர் தேறிவிடுவர் என்பது 1940களிலேயே அறியப்பட்டது. வெயிலில் வெளிறிய, பல விரல்கள் தடவிய பழைய நூலும் தன் மையின் நுட்பத்தை இழந்துவிடும். அச்சுத் தட்டு குற்றமற்றது என்று கொண்டு திரையை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஆனால் அச்சுத் தட்டு கெடும் வழிகள் சிலவே, அவை தெரிந்தவையுங்கூட.

திரையில் நேர்வது

இணையத்திலிருந்து எடுக்கப்படும் தட்டுப் படங்கள் பெரும்பாலும் நூலை ஸ்கான் செய்து ஜேபெக் முறையில் சுருக்கியவை. மனிதக் கண் வெளிர்வு-கருமை வேறுபாட்டை நுணுக்கமாகவும் நிற வேறுபாட்டைப் பருமட்டாகவும் காண்பதால், ஜேபெக் வெளிர்வை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு நிறத்தைக் குறைத்துவிடுவது வழக்கம். திருமணப் படத்தில் அந்த இழப்பு எவருக்கும் தெரியாது. நிறத்தைத் தவிர வேறெதையும் சோதிக்காத படத்தில் சோதனைப் பொருளே அப்படிக் கழிகிறது. தவிரவும், ஸ்கான் கருவி மையின் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக மாற்றும்போது எண்ணின் புள்ளிகள் பின்னணியைவிட ஒரு சிறிது கருமை கூடிவிட்டால் போதும், குறைபாடுடையவரும் அந்தக் கருமையைப் பிடித்து எண்ணைப் படித்துவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. தட்டுத்தான் அவருக்கு விடை சொல்லிக்கொடுத்துவிட்டது.

அந்த மூன்று எண்களும் நிறமல்ல, கட்டளைகள் என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படையான சிக்கல். இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்ற பொது இணக்கத்தை ஹியூலற் பக்கார்ட்டும் மைக்ரோசொஃப்டும் 1996இல் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பெயரில் வகுத்தன. திரைகளோ அதை ஓரளவுக்கே கடைப்பிடிக்கின்றன. கைத்தொலைபேசி வாங்குபவரைக் கவர்வதற்காக நிறங்களை மிகைப்படுத்திக் காட்டும் அமைப்பு பல கருவிகளில் இயல்பாகவே இயங்குகிறது. அந்த மிகைப்பில் மென்மையான குறைபாடுடையவர் தேறிவிடலாம். இரவில் நீல ஒளியைக் குறைக்கும் அமைப்பு, சூழல் வெளிச்சத்துக்கேற்பத் திரையின் வெள்ளையை மாற்றும் அமைப்பு, பற்றரி குறையும்போது வெளிச்சத்தைத் தாழ்த்தும் அமைப்பு என ஒவ்வொன்றும் தட்டின் நிறத்தைத் தன் போக்கில் மாற்றுகிறது. ஓ.எல்.ஈ.டி. திரைகளில் நீலப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவாக மங்குவதால், ஒரே தொலைபேசியே இரண்டு ஆண்டு கழித்து வேறு வெள்ளையைக் காட்டும். மலிவான மடிகணினித் திரையைப் பக்கவாட்டில் பார்ப்பவருக்கும் நேரே பார்ப்பவருக்கும் நிறம் ஒன்றல்ல; வகுப்பறையில் ஒரு திரையைச் சுற்றி நான்கு பிள்ளைகள் நின்றால் நால்வரும் நான்கு வேறு சோதனைகளை எழுதுகிறார்கள்.

இன்னொரு சிக்கலைத் திரையைச் சரிசெய்வதனால் மட்டும் முற்றிலும் நீக்க முடியாது. திரையில் தெரியும் மஞ்சளில் மஞ்சள் அலைநீளம் அநேகமாக இல்லை. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் அருகருகே எரிந்து, கூம்புகளை மஞ்சள் தூண்டுவதுபோலவே தூண்டுகின்றன. வேறு வேறு அலைநீளக் கலவைகள் ஒரே நிறமாகத் தோன்றும் இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான் றேலி பிரபு 1881இல், சிவப்பும் பச்சையும் எவ்வளவு சேர்ந்தால் தூய மஞ்சளுக்கு ஈடாகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கண்டார். அதன் அடிப்படையில் ஜெர்மானியக் கண் வைத்தியர் நாகெல் 1907இல் அமைத்த அனோமலோஸ்கோப் என்னும் கருவி, 589 நானோமீற்றர் மஞ்சளோடு 671 நானோமீற்றர் சிவப்பும் 546 நானோமீற்றர் பச்சையும் கலந்த ஒளியைப் பொருத்தச் சொல்லி, இன்றுவரை குறைபாட்டின் வகையை ஐயமறத் தீர்மானிக்கிறது. இயல்பான கண்ணுக்குச் சரியாகத் தோன்றும்படி அமைத்த திரை மஞ்சள், கூம்பின் துலங்கல் இடம்பெயர்ந்தவருக்குப் பச்சை மிகுந்தோ சிவப்பு மிகுந்தோ தெரியும். ஒவ்வொரு திரையும், அளவுக்குறி இடாத ஓர் அனோமலோஸ்கோப் என்று சொன்னால் தவறில்லை.

நிற வேறுபாட்டை அணு அணுவாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் கண் தோற்கிறது என்று காணவேண்டுமானால் திரையின் படிக்கட்டு நுண்ணியதாக இருக்க வேண்டும். சாதாரணத் திரை ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே தருகிறது; மலிவான சில திரைகள் 64 படிகளை வைத்துக்கொண்டு, புள்ளிகளை விரைந்து மாற்றி இடைப்பட்டவற்றைப் பாவனை செய்கின்றன. கூரிய நிறப்பார்வையுடையவரின் எல்லை சில வேளைகளில் இரு படிகளுக்கு இடையிலே விழுந்துவிடும்.

தீவகத்தின் வெளிச்சமும் மின்சாரமும்

வெண்மணலும் பவளக்கல் வேலிகளும் நாற்புறமும் கடலுமாக ஒளி தெறிக்கும் நெடுந்தீவின் பகலில், சாளரம் திறந்த அறையொன்றில் கைத்தொலைபேசித் திரையின்மேல் விழும் வெளிச்சம் அங்கேயே தெறித்து, திரை உமிழும் ஒளியோடு வெண்மையாகக் கலக்கிறது. அதனால் எல்லா நிறங்களும் வெளிறி, இயல்பான கண்ணுடைய மாணவரும் சில தட்டுகளில் தடுமாறுவார். அச்சு நூலுக்குப் பகலொளி வேண்டும், திரைக்கு மங்கலான அறை வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் ஒரே வேளையில் நடத்துபவர் ஏதோ ஒன்றைக் கெடுத்தே தீருவார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே நெடுங்காலம் இருந்தவை. காற்று, சூரிய மின்சாரம் கலந்த திட்டத்துக்கு இந்தியாவோடு 2022 மார்ச்சில் உடன்படிக்கை ஏற்பட்டது. பற்றரியில் இயங்கி வெளிச்சத்தைத் தானாகவே தாழ்த்திக்கொள்ளும் மடிகணினி இத்தகைய இடங்களில் கவனத்துக்குரிய பொருள்.

பிறவிக் குறைபாட்டைத் தேடும் தட்டுகள் பிற்காலத்தில் வரும் குறைபாட்டைத் தவறவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போது நீலம்-மஞ்சள் பாகுபாடே பெரும்பாலும் முதலில் குன்றும். வழக்கமான இஷிஹாரா தட்டுகள் அதைச் சோதிப்பதில்லை. திரையின் நீலத்தை இரவு அமைப்பு ஏற்கெனவே குறைத்திருந்தால் அங்கும் அது அகப்படாது. காசநோய்க்குத் தரப்படும் எதம்பியூட்டோல் மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கையில், சிவப்பு-பச்சை வேறுபாடு மங்குவது முன்னெச்சரிக்கையாக அமைவதுண்டு. அத்தகையவரை மாதந்தோறும் ஒரே கருவியில், ஒரே அறையில் சோதித்து முன்னைய பெறுபேற்றோடு ஒப்பிடுவதே பயன் தரும். ஒரு மாதம் ஒரு தொலைபேசியிலும் மறுமாதம் வேறொன்றிலும் பார்த்தால் மாறியது கண்ணா திரையா என்று சொல்ல முடியாது.

திரை நன்றாகச் செய்வது

இவ்வளவும் சொன்ன பின்னரும் திரையை ஒதுக்கிவிட இயலாது, ஏனெனில் சிறந்த நிறப்பார்வைச் சோதனைகள் சில இன்று திரையிலேயே நடக்கின்றன. அச்சுத் தட்டின் எண்களை மனப்பாடம் செய்து வரலாம். வேலை கைநழுவும் என்று அஞ்சும் இளைஞர் அப்படிச் செய்வதில் வியப்பில்லை. திரையோ ஒவ்வொரு முறையும் புதிய வடிவத்தை எழுப்ப வல்லது. லண்டன் சிற்றி பல்கலைக்கழகத்தில் ஜோன் பார்பரும் அவர் குழுவினரும் விமானிகளுக்காக உருவாக்கிய காட் சோதனையில், வெளிர்வு இடைவிடாமல் துடிக்கும் கட்டங்களின் நடுவே நிறப்பட்டையொன்று மூலைவிட்டமாக நகர்கிறது. அது சென்ற திசைக்குரிய பொத்தானைப் பார்ப்பவர் அழுத்த வேண்டும். துடிப்பு வெளிர்மைச் சாடைகளை மறைத்துவிடுவதால் நிறத்தைத் தவிர வேறெதுவும் உதவாது. விடை ‘தேறினார்’, ‘தேறவில்லை’ என்று நிற்காமல், இயல்பான கண்ணின் சராசரி எல்லையைப்போல் எத்தனை மடங்கு வேறுபாடு இவருக்குத் தேவைப்படுகிறது என்ற அளவாகவே வருகிறது. பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2009இல் வெளியிட்ட அறிக்கை, பச்சைக் கூம்புக் குறைபாட்டுக்கு 6 அலகும் சிவப்புக் கூம்புக் குறைபாட்டுக்கு 12 அலகும் எல்லையாக முன்வைத்து, குறைபாடுடையோரில் ஏறத்தாழ 35 வீதத்தினர் விமானம் ஓட்டத் தகுதியுடையோரே என்று கணித்தது. அச்சுத் தட்டு மட்டும் இருந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பர். அச்சோதனை நடக்கும் திரையோ, ஒளிமானியால் அளந்து திருத்தப்பட்ட, வேறு வேலைக்குப் பயன்படாத ஒன்று.

தீவகத்துக்குப் பொருந்தும் வழி இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ நெடுந்தீவு வைத்தியசாலையிலோ ஒரு மேசைத்திரையை இதற்கெனவே ஒதுக்கி, திரையோடு ஒட்டி நிறத்தை அளக்கும் சிறு கருவியால் மாதம் ஒருமுறை அதைச் சரிபார்த்து, அரைமணி நேரம் எரியவிட்டுச் சூடான பின், சாளரம் மூடிய அறையில் சோதித்தால், யாரை நகருக்கு அனுப்ப வேண்டும் என்பதையேனும் நம்பிக்கையோடு தெரிவு செய்யலாம். திரையில் தேறாத எவரையும் அதை மட்டும் கொண்டு தகுதியற்றவராக்கலாகாது. கப்பலுக்கோ கடற்படைக்கோ விண்ணப்பிப்பவர் திரையில் தேறினாலும் அதைச் சான்றாகக் கொள்ளலாகாது. மென்மையான குறைபாடுடையவர் தேறிவிட்டதாக நம்பிப் பயிற்சிக் கட்டணம் செலுத்திய பிறகு உரிய மருத்துவச் சோதனையில் வெளியேற்றப்படுவது, தொடக்கத்திலேயே தெரிந்திருப்பதைவிடக் கொடியது. நிறமூட்டிய வில்லை அணிந்து தட்டுகளைப் படித்துவிடலாம் என்ற விளம்பரங்களை நம்புவோரும் இருக்கின்றனர். கடலோடிகளுக்கான அனைத்துலக வழிகாட்டுதல்கள் அத்தகைய வில்லையுடன் பெற்ற முடிவை ஏற்பதில்லை.

மாணவருக்கு இந்த அறிதல் வேறு விதத்தில் பயன்படும். உயர்தர பௌதிகவியல் செய்முறையில் தடையியின் நிறவளையங்களைப் படிக்கையில் கபிலம் 1, சிவப்பு 2, பச்சை 5 எனக் கொள்ள வேண்டும். சிவப்பு-பச்சைக் குறைபாடுடைய மாணவர் மயங்குபவை பெரும்பாலும் இம்மூன்றுமே. முன்னரே அறிந்திருந்தால் ஆசிரியர் அவருக்குத் தடைமானியைத் தந்துவிடலாம். அறியாவிட்டால் அவர் கவனமற்றவர் என்று பெயரெடுப்பார்.

ஏற்கெனவே கடலில் இருக்கும் மூத்த தொழிலாளியிடம் எந்தச் சான்றிதழையும் எவரும் கேட்பதில்லை. கடலடியின் எதிரொலியைத் திரையில் வரையும் மீன்தேடும் கருவிகள் வலிய எதிரொலியைச் சிவப்பாகவும் இடைப்பட்டதைப் பச்சையாகவும் மெலிந்ததை நீலமாகவும் காட்டுவது வழக்கம். சிவப்பும் பச்சையும் மயங்கும் கண்ணுக்குப் பாரும் மீன்கூட்டமும் ஒன்றுபோலத் தோன்றலாம். அத்தகைய கருவிகள் பலவற்றில் நிறத்தொகுதியை மாற்றும் வசதி உண்டு; வெளிர்விலிருந்து கருமைக்குச் செல்லும் ஒற்றை நிறத் தொகுதியைத் தெரிவு செய்துவிட்டால் எதிரொலியின் வலிமை வெளிர்வாகவே தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரிக்கும் தேவையே எழாது.